முதலில் ஓடி வரும் கை

மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் தமிழர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். பட்டறையில் ஒருவன் கை பிரஸ்ஸில் மாட்டிக்கொண்டால் முதலில் ஓடி வருவது யார்? பதில் ஒன்றாகத்தான் இருக்கும்: பக்கத்து மெஷின்காரன். டாக்டர் அல்ல, நர்சு அல்ல, மேலே கண்ணாடி அறையில் இருக்கும் அதிகாரியும் அல்ல. பக்கத்து மெஷின்காரன் கையில் அந்த நேரத்தில் இருப்பது எண்ணெய்த் துணி. ஒருவர் காப்பித் தூள் கொண்டு வா என்பார். இன்னொருவர் கையைத் தூக்கிப் பிடி என்பார். மூன்றாமவர் மயக்கம் போட்டு விழுந்து தானும் ஒரு நோயாளி ஆவார். ஆட்டோ பிடித்துக் கே.ஆர். ஆஸ்பத்திரி வாசலை அடைவதற்குள், போகக் கூடாத ரத்தம் எவ்வளவோ போய்விட்டிருக்கும்.

(ஹெப்பாள் என்றதும் விமானப்படைப் பயிற்சித் தலைமையகம் இருக்கும் பெங்களூர் ஹெப்பாளை நினைத்துவிட வேண்டாம். இங்கே பேசப்படுவது, ஷிப்டு மாறும் நேரத்தில் சாப்பாட்டுத் தூக்கும் சைக்கிளுமாக ஜனங்கள் நிறைந்து வழியும் மைசூர் ஹெப்பாள்தான்.)

ராணுவத்திலும் இதே கதைதான் என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும். பட்டாளம் என்றால் டாக்டர், ஆம்புலன்ஸ், ஹெலிகாப்டர் எல்லாம் தயாராக நிற்கும் என்று ஊரில் நினைக்கிறார்கள். ஏறத்தாழ 800 பேர் கொண்ட ஒரு பட்டாலியனுக்கு மருத்துவ அதிகாரி பெரும்பாலும் ஒருவர்தான். அவருக்குக் கீழே சில நர்சிங் அசிஸ்டெண்டுகள். பட்டாலியனோ ஒரே இடத்தில் கூடாரம் போட்டு உட்கார்ந்திருப்பதில்லை. மலைமுகடுகளில் பத்துப் பேர், பன்னிரண்டு பேராகச் சிதறிக் கிடக்கிறது. குண்டு பட்டவனுக்கு முதலில் கை கொடுப்பவன் அவனோடு ஒரே தட்டில் சாப்பிட்ட தோழன்தான்.

இந்த நிலையில்தான் உலகத்து ராணுவங்கள், மருத்துவப் பிரிவினரைப் பயிற்றுவிக்கப் புதிய யந்திரம் ஒன்றைக் கையில் எடுத்திருக்கின்றன. இளைஞர்கள் வி.ஆர். என்று சொல்லும் மெய்நிகர்க் காட்சி அது. கண்ணை முழுதும் மூடும் பெட்டி போன்ற ஒரு கருவியைத் தலையில் மாட்டிக்கொள்ள வேண்டும். உடனே வகுப்பறை மறைந்து போர்க்களம் தெரியும். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். கையில் பிடித்த குமிழை அசைத்தால் திரையில் தெரியும் கையும் அசையும். எதிரே ஒருவன் தொடையில் ரத்தம் பீறிடக் கிடப்பான். என்ன செய்வது, எதை முதலில் செய்வது என்று பயிற்சி பெறுபவன் தீர்மானிக்க வேண்டும். தாமதித்தால் திரையில் இருப்பவன் செத்துப் போவான். யாருக்கும் நஷ்டமில்லை, மறுபடி தொடங்கலாம்.

அமெரிக்காவில் மேரிலாண்டு மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங் என்ற ஊரில், ராணுவ மருத்துவப் பல்கலைக்கழகம் 8,000 சதுர அடியில் இப்படியொரு கூடமே கட்டியிருக்கிறது. அங்கே தலையில் பெட்டி மாட்டும் வேலைகூட இல்லை. சுற்றிலும் சுவர் முழுதும் திரை. நடுவில் காயக்காரர்களாக நடிகர்களும் பயிற்சிப் பொம்மைகளும். ஒரே நேரத்தில் பல பேர் காயப்பட்டு விழுந்தால் யாரை முதலில் தூக்குவது என்ற கொடுமையான கேள்விக்கு அங்கே பழகுகிறார்கள். இதற்கெல்லாம் முன்பு பல நாடுகளில் ஆட்டையும் பன்றியையும் காயப்படுத்தி வைத்தியம் பழக்கினார்கள் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த வாயில்லா ஜீவன்களாவது இதனால் பிழைத்துப் போகட்டும்.

இதை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கிவிடுவது சரியல்ல. பொய்யைக் கொண்டு மெய்யைப் பழக்குவது புதிய வித்தையும் அல்ல. 1929-ல் எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர், விமானம் போல ஆடும் ஒரு பெட்டியைச் செய்தபோது பலர் அதைப் பொருட்காட்சிச் சாமானாகத்தான் பார்த்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் அந்தப் பெட்டியில் உட்கார்ந்து பழகிய விமானிகளுக்குக் கணக்கில்லை. நின்றுபோன இருதயத்தை அமுக்கி மூச்சு ஊதிப் பழக உலகமெங்கும் வைத்திருக்கும் பொம்மை, 1960-ல் நார்வே நாட்டுப் பொம்மை வியாபாரி ஒருவர் செய்தது. கர்நாடகத்துக்கும் இதில் பங்கு உண்டு. பெங்களூரில் எச்.ஏ.எல். பக்கம் குடியிருக்கும் தமிழர்களுக்கு, விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிலையம் பெயரளவிலாவது தெரிந்திருக்கும். 1957-ல் தொடங்கிய நிலையம் அது. ஆளை உட்கார வைத்து வேகமாகச் சுழற்றும் ராட்சத யந்திரம் அங்கே உண்டு. காற்றழுத்தத்தைக் குறைத்து, மலை உயரத்தில் மூச்சு எப்படித் திணறும் என்று தரையிலேயே காட்டும் அறையும் உண்டு. ககன்யான் வீரர்களைத் தேர்ந்தெடுக்க 2019-ல் உடற்சோதனை நடந்ததும் அங்கேதான். ஆபத்து வரும் முன்பே அதன் ருசியைக் காட்டிவிடுவது என்ற எண்ணம் இந்த மண்ணில் வேரூன்றி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது.

ஆகவே யந்திரம் வேண்டுமா, வேண்டாமா என்று வாதிடுவதில் பொருள் இல்லை. வரத்தான் போகிறது. அது யாருடைய தலையில் முதலில் மாட்டப்பட வேண்டும் என்பதே கேள்வி.

வழக்கமாக நடப்பது எல்லோருக்கும் தெரியும். விலை உயர்ந்த சாமான் ஒன்று வந்தால் அது முதலில் பெரிய கல்லூரிக்குப் போகும். அங்கே பட்டம் பெற்ற டாக்டர்கள் பார்ப்பார்கள். பிறகு மேலதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். பத்திரிகையில் படம் வரும். மற்ற நாளெல்லாம் உறை போட்டு மூடி, ஆயுத பூஜையன்று மட்டும் வெளியே எடுத்துச் சந்தனம் குங்குமம் வைக்கப்படும் யந்திரங்களைக் குமாஸ்தாக்கள் எத்தனையோ கண்டிருக்கிறார்கள். இந்தக் கருவிக்கும் அந்தக் கதி வந்துவிடக் கூடாது. டாக்டருக்குப் பயிற்சி வேண்டாம் என்பதல்ல. ஆனால் டாக்டரிடம் வந்து சேரும் முன்பே காயக்காரன் செத்துப் போகிறான் என்பதைத்தான் புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன.

2001 முதல் 2011 வரை ஈராக், ஆப்கானிஸ்தான் யுத்தங்களில் காயப்பட்டு இறந்த ஏறத்தாழ 4,600 அமெரிக்கச் சிப்பாய்களின் மரணத்தை அந்நாட்டு ராணுவ டாக்டர்கள் ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டார்கள். அவர்களில் 87 சதவீதம் பேர் எந்த ஆஸ்பத்திரியையும் எட்டாமலே இறந்தவர்கள். அப்படி வழியிலேயே இறந்தவர்களில் நாலில் ஒருவர் பிழைத்திருக்கக் கூடியவர். பிழைத்திருக்கக் கூடிய அந்த ஆட்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் மாண்டது ரத்தப் போக்கால். உலகத்திலேயே அதிகப் பணம் செலவழிக்கும் ராணுவத்தின் கணக்கு இது.

ரத்தத்தை நிறுத்த என்ன வேண்டும்? கை கால்களில் பெரிய காயமென்றால் ஓர் இறுக்குப் பட்டை போதும். காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டின் மீது படாமல் கட்டி, அதிலுள்ள குச்சியை ரத்தம் நிற்கும் வரை முறுக்க வேண்டும். கட்டிய நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும். சில ரூபாய்த் துணியும் ஒரு குச்சியும் சேர்ந்த சங்கதி. ஆனால் நேரம் தவறினால் அது வெறும் துணிதான். பாக்தாத் ராணுவ மருத்துவமனை ஒன்றில் 2006-ல் எடுத்த கணக்கின்படி, ரத்தம் வற்றி உடல் அதிர்ச்சியில் விழும் முன்பே பட்டை கட்டப்பட்டவர்களில் 90 சதவீதம் பேர் பிழைத்தார்கள். விழுந்த பிறகு கட்டப்பட்டவர்களில் பிழைத்தவர் 10 சதவீதம்தான். பட்டையும் அதேதான், ஆஸ்பத்திரியும் அதேதான். இடையில் கழிந்த சில நிமிடங்கள்தான் வித்தியாசம். அந்த நிமிடங்களில் பக்கத்தில் இருப்பவன் டாக்டர் அல்ல.

அதே அமெரிக்க ராணுவத்தில் ரேஞ்சர் படை என்று ஒன்று இருக்கிறது. 1998-ல் அதன் தளபதி, குறி தவறாமல் சுடுதல், உடற்பயிற்சி, சிறு குழுப் போர்முறை ஆகியவற்றுக்குச் சமமாக வைத்தியத்தையும் வைத்தார். சமையல்காரன் முதல் தளபதி வரை ஒவ்வொருவனும் ரத்தம் நிறுத்தப் பழக வேண்டும் என்பது சட்டமாயிற்று. 2001 முதல் 2010 வரை அந்தப் படையில் 419 பேர் காயப்பட்டார்கள். 32 பேர் இறந்தார்கள். களத்தில் இன்னும் கொஞ்சம் வைத்தியம் செய்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்லத்தக்கவர் அவர்களில் ஒருவர்கூட இல்லையென்றே சொல்லலாம். இறுக்குப் பட்டை கட்டியவர்களில் 42 சதவீதம் பேர் மருத்துவப் பிரிவைச் சேராத சாதாரணச் சிப்பாய்கள். இந்த சாதனைக்கு எந்த மாயக் கண்ணாடியும் உதவவில்லை. திரும்பத் திரும்பச் செய்த பழக்கமே உதவியது. திரும்பத் திரும்பச் செய்ய வைப்பதில் வல்லமை படைத்தது இந்த வி.ஆர். யந்திரம் என்பதால்தான் அது மதிப்புப் பெறுகிறது.

அதற்கு இன்னொரு வல்லமையும் உண்டு. வாழ்நாளில் ஒருமுறைகூடக் கண்ணில் படாததை அது காட்டும்.

2016 பிப்ரவரி 3-ம் தேதியை மைசூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல் நிலையின் மீது பனிச்சுவர் சரிந்து, மதராஸ் ரெஜிமெண்டின் 19-வது பட்டாலியனைச் சேர்ந்த காவலணியின் பத்துப் பேர் புதைந்தார்கள். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிள்ளைகள் நால்வர். கர்நாடகத்தார் மூவர், அவர்களில் ஒருவர் இதே மைசூர் மாவட்டத்து எச்.டி. கோட்டைத் தாலுகாவைச் சேர்ந்தவர். கேரளத்தவர் ஒருவர், ஆந்திரத்தவர் ஒருவர். பத்தாவது ஆள் மகாராஷ்டிரத்தின் சதாராவிலிருந்து வந்தவர். அவர்தான் அந்தக் காவல் நிலையின் நர்சிங் அசிஸ்டெண்ட்.

ஆறாம் நாள் பனியைத் தோண்டியபோது, சுமார் 25 அடி ஆழத்தில் தார்வாட் மாவட்டத்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட் உயிரோடு இருந்தார். நாடே பிரார்த்தித்தது. டில்லி ராணுவ மருத்துவமனையில் பிப்ரவரி 11-ம் தேதி அவர் காலமானார். உறைந்த உடலுக்கு மீண்டும் சூடேற்றும்போது, குளிர்ந்து கிடந்த பாகங்களில் ரத்தம் பாயத் தொடங்குவதே ஆபத்தாக மாறக்கூடும் என்று டாக்டர்கள் அப்போது எச்சரித்தார்கள். குளிர்ந்தவனைச் சூடாக்குவது நல்லதுதானே என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படியல்ல என்பதை எங்கே போய்க் கற்பது? மைசூரிலோ மதுரையிலோ படித்த ஒரு டாக்டர், ஆறு நாள் பனியில் கிடந்த ஆளைத் தம் ஆயுளில் பார்க்கப் போவதில்லை. லக்னோவில் பயிற்சி பெறும் இளைஞனும் வகுப்பில் அதைப் பார்க்க முடியாது. இப்படிப்பட்டவற்றைத் திரையில் பத்து முறை பார்த்துவிட்டு மலையேறினால், அந்தக் கை நடுங்காது.

எந்தப் பயிற்சியும் அந்தப் பத்துப் பேரைக் காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல முடியாது. சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநீதி. ஆனால் அந்தப் பட்டியலைப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்காமல் போக முடியாது. காவல் நிலையில் வைத்தியம் தெரிந்த ஆளும் பனிக்கு அடியில்தான் கிடந்தார். மருந்துப் பையைச் சுமப்பவனும் விழுவான். அவன் விழுந்தால் அவனைத் தூக்குகிறவனுக்கும் வேலை தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. பத்துப் பேர், ஐந்து தாய்மொழிகள். நாளும் பேசிக்கொள்ள ஹிந்தி இருக்கிறது, பழகிய பழக்கத்தில் ஒருவர் மொழி இன்னொருவருக்குக் கொஞ்சம் வந்துமிருக்கும். ஆனால் வயிற்றில் குண்டு பாய்ந்தவன் ஹிந்தியில் கத்துவதில்லை. அம்மா என்றுதான் கத்துகிறான். மூச்சு முட்டுது என்கிறான். கால் மரத்துப் போச்சு என்கிறான். மரத்துப் போவதற்கும் வலிப்பதற்கும் உள்ள வித்தியாசம் வைத்தியத்தில் உயிர் போகும் வித்தியாசம். சதாராப் பையனுக்கு அது புரிய வேண்டும். மைசூருக்குப் பிழைக்க வந்த தமிழருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி வரிசையில் நின்று, "ஹேகே நோவு?" என்று டாக்டர் கேட்கும்போது, குத்துகிற வலிக்கும் இழுக்கிற வலிக்கும் கன்னடத்தில் வார்த்தை தேடித் தவித்தவர்கள் எத்தனையோ பேர். கடைசியில் எல்லா வலியும் "நோவு" என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும்.

வெளிநாட்டில் செய்து விற்கப்படும் பயிற்சிப் படங்களில் காயக்காரன் சுத்தமான ஆங்கிலத்தில் தன் வலியை விவரிக்கிறான். சுற்றிலும் பாலைவனமும் மணலும். வாங்கி வந்து அப்படியே மாட்டிவிட்டால், மதராஸ் ரெஜிமெண்டின் நர்சிங் அசிஸ்டெண்ட் பாக்தாத்துக்குத்தான் தயாராவான். சியாச்சினுக்குத் தயாராக மாட்டான். திரையில் கிடப்பவன் தமிழில் முனக வேண்டும், கன்னடத்தில் தண்ணீர் கேட்க வேண்டும், மலையாளத்தில் புலம்ப வேண்டும். கண்ணாடியில் பனி படிய வேண்டும். மூன்று அடுக்குக் கையுறைக்குள் விரல் மரத்துப் போயிருக்க வேண்டும். ராணுவம் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் நிபந்தனை இதுவாக இருந்தால் நல்லது.

விரல் என்றதும் இந்த யந்திரத்தின் பெரிய குறையும் நினைவுக்கு வருகிறது. அது கண்ணை ஏமாற்றும், காதை ஏமாற்றும். கையை ஏமாற்ற அதற்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. இறுக்குப் பட்டையை முறுக்கும்போது காயக்காரன் வலியில் உதைப்பான். இன்னும் ஒரு சுற்று முறுக்கத் தெம்பும் வேண்டும், மனமும் வேண்டும். ரத்தத்தில் துணி வழுக்கும். குமிழை அசைத்துப் பழகியவனுக்கு அது தெரியாது. வேறு சிலருக்குக் கருவியை மாட்டிய சில நிமிடங்களில் மலைப் பாதையில் பஸ்ஸில் போனது போலத் தலை சுற்றுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் எம். மணிவண்ணனும் அவரது குழுவினரும் தொடு உணர்வையும் யந்திரத்தில் கொண்டுவரும் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருக்கிறார்கள். அது கைகூடும் வரை, கண்ணாடியில் பார்த்ததை மறுநாளே பொம்மை மீதோ தோழன் தொடை மீதோ உண்மைப் பட்டையைக் கட்டிப் பார்த்தாக வேண்டும். கண்ணாடி மாட்டிய நேரத்தைக் கணக்கு எழுதிச் சான்றிதழ் கொடுத்துவிடும் வழக்கம் வந்துவிட்டால், கை பழகாமல் காகிதம் மட்டும் பழகும்.

செலவைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். உயர்தரப் பயிற்சிப் பொம்மை ஒன்று பல லட்சம் ரூபாய். தலையில் மாட்டும் சாதாரணக் கருவியோ நல்ல கைப்பேசி ஒன்றின் விலைக்குக் கிடைக்கிறது. பணம் விழுங்குவது அதற்குள் ஓடும் படத்தை எழுதும் வேலை. அந்த வேலைக்கு ஆள் தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் வேலைக்கு வரும் இளைஞர்களை இன்போசிஸ் ஆயிரக்கணக்கில் அழைத்துப் பயிற்றுவிக்கும் பெரிய வளாகம் இதே ஹெப்பாளில்தான் இருக்கிறது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் மலையாளமும் தெரிந்த பிள்ளைகள் ஒரே சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரும் இடம் அது. சியாச்சினில் இருப்பவனுக்குக் கெடாத சப்பாத்தியும் உப்புமாவும் செய்ய ஆராய்ச்சிக் கூடம் 1961-ல் மைசூரில் ஏற்பட்டது. அவன் பசிக்கு வழி கண்ட ஊர், அவன் காயத்துக்கும் ஒரு வழி காண்பதில் வியப்பு ஒன்றும் இருக்காது.

அப்படிச் செய்யப்படும் படத்தில் பனியை எடுத்துவிட்டு லேத்தையும் பிரஸ்ஸையும் வைக்க எத்தனை நாள் ஆகும்? 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி என்றும், அது முதலுதவி தெரிந்த பொறுப்பாளர் ஒருவர் கையில் வேலை நேரம் முழுதும் இருக்க வேண்டும் என்றும் எழுதி வைத்தது. பெட்டி பெரும்பாலும் இருக்கிறது. பச்சை வண்ணத்தில் சிலுவைக் குறியோடு சுவரில் தொங்குகிறது. பயிற்சி பெற்றவர் பெயர் அதன் மேல் எழுதப்பட்டிருக்கும். அவர் இரண்டு வருஷத்துக்கு முன்பே வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். காண்டிராக்டில் வந்த பையனுக்கோ, பெட்டியில் என்ன இருக்கிறது என்றுகூட யாரும் திறந்து காட்டியிருக்க மாட்டார்கள். ராணுவத்துக்காகச் செய்யும் படத்தை இ.எஸ்.ஐ. மூலமாகவோ தொழிற்சாலை ஆய்வுத் துறை மூலமாகவோ பட்டறைக்குக் கொண்டு வந்தால், ஷிப்டு தொடங்கும் முன் ஆளுக்குப் பத்து நிமிஷம் போதும். சூப்பர்வைசருக்கு அல்ல, பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் நிற்பவனுக்கு. படம் அவனுக்குத் தெரிந்த மொழியில் பேச வேண்டும். பெட்டிக்குள் காப்பித் தூள் அல்ல, ஓர் இறுக்குப் பட்டை இருக்க வேண்டும். பெட்டியின் சாவியும், இரவு ஷிப்டில் வீட்டுக்குப் போய்விடும் டைம்கீப்பரின் சட்டைப் பையில் இல்லாமல், பெட்டியிலேயே தொங்க வேண்டும்.